கறை அண்ணாச்சியின் முதல் பத்து

எந்தப் புத்தகம் நன்றாகப் போகிறது என்று சென்னைப் பதிப்பாளர்கள் பில்லைப் பார்த்துச் சொல்வார்கள். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் கறை அண்ணாச்சி முகர்ந்து பார்த்துச் சொல்வார். இரண்டில் எதை நம்புவாய் என்று கேட்டால், நான் அண்ணாச்சியின் மூக்குப் பக்கம்தான் நிற்பேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சந்துக்குள் சின்ன லாண்டரி. சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. சட்டையை நீட்டினால் முகத்தைப் பார்க்காமல் கறையைப் பார்ப்பார். "நேத்து மத்தியானம் மீன்கொழம்பா? அவசரத்துல தின்னிருக்கீரே. போர்மேன் ஏசுனானோ?" என்பார். ஏசியிருப்பான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தேய்த்த துணிக் கட்டுக்குள் ஒரு புத்தகமும் சேர்ந்து வரும். நாம் கேட்டிருக்க மாட்டோம். "அண்ணாச்சி, இது என்னுது இல்லையே" என்று திருப்பினால், "படிச்சிட்டுத் தாரும்வே. கட்டில்ல மல்லாந்து செல்போனைத்தானே தேய்க்கப் போறீரு" என்பார். புத்தகம் திரும்பி வரவில்லை என்றால் அடுத்த வாரம் நம் பேன்ட் வராது. இப்படிப் படிப்பாளியானவர்கள் ரோலாவில் ஏராளம். நானும் பேன்ட்டுக்காகப் படிக்க ஆரம்பித்தவன்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டப்படும். தலைப்பு: 'இந்த வாரம் அதிகம் அழுக்கான பத்துப் புத்தகங்கள்.'

"டீக்கறைக்கு ஒரு மார்க்கு. கொழம்புக்கு ரெண்டு. சாப்பிடும்போதும் கீழ வைக்க மனசு வரலைல்லா! கிரீஸ் இருந்தா மூணு, சைட்டுக்கே கொண்டு போயிருக்கான். தாளு நனைஞ்சு சுருங்கியிருந்தா மார்க்கே கெடையாது."

"ஏன் அண்ணாச்சி?"

"அழுதிருக்கான்வே. நேரா நம்பர் ஒன்."

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கவிஞர் இருந்தார். தன் கவிதைத் தொகுப்பு பட்டியலில் ஏறவே இல்லை என்ற வருத்தத்தில், அதன் மேல் தானே சாம்பாரை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அண்ணாச்சி நான்கு இடத்தில் பிரித்து முகர்ந்தார். "எல்லாப் பக்கத்துலயும் ஒரே நாள் சாம்பாரு. கள்ள ஓட்டு!" தொகுப்பு தள்ளுபடி. கவிஞர் அதன் பிறகு வேறு லாண்டரிக்குப் போனார். அங்கே சட்டை மட்டும்தான் கொடுத்தார்களாம், திரும்பி வந்துவிட்டார்.

சென்னைப் பட்டியல்கள் செல்போனில் வரும்போது அண்ணாச்சிக்கு ரத்தம் கொதிக்கும். "பத்துப் பேரு போட்டிருக்கான். பத்தும் ஒரே கம்பெனி யூனிபாரம் மாதிரில்லா இருக்கு! கடல் தாண்டுனவன் ஒருத்தன் உண்டா? வேலைக்குப் போயி வந்து எழுதுற பொம்பளை ஒருத்தி உண்டா? எல்லாம் ஏசிக் காத்துல காஞ்ச துணி. இதுல ஒண்ணையாவது வெயில்ல போட்டிருக்கானா?"

அவருடைய பட்டியலில் அசையாமல் முதலிடத்தில் இருந்தது செல்வியின் புத்தகம். புதுக்கோட்டைக்காரி. பள்ளிக்கூடப் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் வாழும் பெண்களைப் பற்றிய கதைகள். அவ்வளவு சிரிப்பு, அவ்வளவு சண்டை. கடையில் இருந்த பிரதி பூரி மாதிரி உப்பி, மஞ்சளும் எண்ணெயுமாக இருந்தது. ஒரு மூலையில் யாரோ பல்பொடிகூடச் சிந்தியிருந்தார்கள்.

ஆனால் சென்னையில் அது விற்கவே இல்லை. செல்வி இரண்டாவது கைப்பிரதியை அனுப்பியிருந்தாள். முதல் புத்தகமே கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, அது தீராமல் அடுத்ததைப் போட முடியாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

"இனிமே எழுத மாட்டேண்ணே" என்று கடை வாசலில் நின்று சொன்னாள் செல்வி. "வாசிக்க ஆளில்லாம யாருக்கு எழுதுறது? அந்த நேரத்துக்குத் தூங்குனா உடம்புக்காவது நல்லது."

அண்ணாச்சி இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தார். அடியில் இருந்தது எவனோ ஒரு அப்பாவியின் சட்டை.

அந்த வருடம் புத்தகக் கண்காட்சிக்கு அந்தப் பதிப்பாளரே ஷார்ஜா வந்தார். பெட்டியில் கசங்கிய சட்டையோடு நின்றவரை நான்தான் லாண்டரிக்கு அழைத்துப் போனேன். சட்டைக்காகத்தான், சத்தியமாக. யாரென்று தெரிந்ததும் அண்ணாச்சி அவரை உள்ளே வைத்துக் கடைக்கதவைச் சாத்திவிட்டார்.

"சார், இதைப் பாருங்க. உங்க பட்டியல்ல முதல்ல நிக்குற புஸ்தகம். வெள்ளை வெளேர்னு இருக்கு. நாலு பேரு கொண்டு போயி, நாலு பேரும் அப்படியே திருப்பிட்டான். இது நம்ம செல்வி தங்கச்சி புஸ்தகம். மோந்து பாருங்க!"

பதிப்பாளர் நல்ல மனிதர், முகர்ந்தே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதை எவ்வளவு பேர் படிச்சிருப்பாங்க அண்ணாச்சி?"

"ரோலா பூராவும்! அஜ்மான்லேர்ந்து பஸ் ஏறி வாரான்!" அண்ணாச்சி அவர் சட்டையைத் தேய்த்தபடியே நெஞ்சை நிமிர்த்தினார்.

"எத்தனை புத்தகம் வாங்கினீங்க?"

"ஒண்ணு. இந்தா இருக்கே."

"அதைத்தான் சொல்றேன். ஊரே படிச்சாச்சு, எங்க கணக்குல வித்தது ஒண்ணு. அந்தம்மாவுக்கு வாசகர் இல்லேன்னு நான் நினைச்சதுக்குக் காரணம் நீங்கதான்."

லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. எத்தனையோ கறையை எடுத்த மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கறையைப் போட்டிருந்தார். பதிப்பாளர் சட்டையின் முதுகுப் பக்கம், இஸ்திரிப் பெட்டி வடிவத்தில். பதிப்பாளர் என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கண்காட்சிக்குப் போனார்.

மறுநாள் கண்ணாடியில் புதுத் தாள்: 'செல்வி புத்தகம் இனிமேல் இரவல் மாஃபி. கலாஸ்.' அரபியில் மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது. தமிழிலும் அரபியிலும் சண்டை போட நாங்கள் தயார்தான், அவர் காதில் வாங்கினால்தானே. "ஓசியில படிச்சவன் எல்லாம் இப்ப வாங்குங்கவே. உங்களுக்கில்ல, வீட்டுக்கு. உம்ம பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாமா, இங்க பொம்பளையாளு எப்படிப் பொழைக்காங்கன்னு?"

லீவில் போனவர்கள் ஊரில் வாங்கினார்கள். போகாதவர்கள் போனில் சொன்னார்கள். கிரேன் ஓட்டும் தம்பி தன் அக்காவுக்கு, சமையல்காரர் மகளுக்கு. சாம்பார்க் கவிஞரும் வாங்கினார். தேவகோட்டையிலும் சங்கரன்கோவிலிலும் புத்தகக் கடைக்காரர்கள் திகைத்துப்போய்ச் சென்னைக்கு ஆள் விட்டார்களாம். கட்டுகள் கரைந்தன. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், செல்வியின் பெயர் சென்னைப் பட்டியலில் பத்தாவதாக வந்தது.

ஓடிப்போய் அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பத்தாவதா? இங்க எப்பவோ முதல்ல வந்தாச்சு. மெட்ராஸுக்கு நியூஸ் லேட்டாத்தான் போவுது."

இரண்டாவது புத்தகத்தைப் போடுகிறோம் என்று பதிப்பாளர் கூப்பிட்டபோது செல்வி பஸ்ஸில் இருந்தாள். "ஆன்ட்டி, ஒய் ஆர் யூ க்ரையிங்?" என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. ஒரு குட்டிப்பெண் தன் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த கேக்கை வாயில் ஊட்டிவிட்டதாம். புத்தகம் வந்ததும் முதல் பிரதியோடு நேராக லாண்டரிக்கு வந்தாள். அண்ணாச்சி கையைத் துடைத்து, மறுபடி துடைத்து, வாங்கிக்கொண்டார். நன்றி சொல்ல அவளை விடவே இல்லை.

"அது கெடக்கட்டும் தங்கச்சி. மூணாவது எப்போ?"

மூன்றாவது இப்போது அச்சில் இருக்கிறது.

எனக்கு இப்போது குடும்பம் வந்துவிட்டது. வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது, இஸ்திரிப் பெட்டியும் இருக்கிறது, மனைவி நன்றாகவே தேய்க்கிறாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் பார்க்காத நேரத்தில், அலமாரியிலிருந்து ஒரு நல்ல சட்டையை எடுத்துக் கையாலேயே கசக்கிக்கொண்டு ரோலாவுக்கு பஸ் ஏறுகிறேன்.