பல்லி மைக்செட்டு

கயலு, முகிலா, ரெண்டு பேரும் இதை ஒழுங்காக உட்கார்ந்து படியுங்கள். நம்ம கடைக்கு "பல்லி மைக்செட்டு" என்று ஏன் பெயர் வந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நடந்தது இதுதான். எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். (கயலு, சிவப்புப் பேனா வேண்டாம்.)

கயலு அப்போது ரெண்டாம் வகுப்பு, முகிலன் தொட்டிலில். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று தன் வீட்டைப் பற்றி ஐந்து வரி சொல்ல வேண்டும். கயலு எழுந்து நிற்பாள், உதடு அசையும், சத்தம் மட்டும் வராது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வூட்ல பேசுவாளா, கயல் அப்பா?"

"வூட்ல அவ வாய மூடுறதுக்குத்தான் டீச்சர் ஆள் இல்ல."

"இங்க பசங்க ஊமச்சின்னு கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. அந்தப் பேரு ஒட்டிக்கிச்சின்னா அப்புறம் பேசவே மாட்டா."

 என் மூளை உடனே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. சத்தம்தானே வரவில்லை? சத்தம் நம்ம தொழிலாச்சே!

டீச்சர் சரியென்றது ஒரு சின்ன மைக்குக்குத்தான். நானோ, பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழாவுக்கு நான் கட்டியிருந்த ஆம்ப்ளிபயரையே ஒயரோடு சுவர் தாண்டி இறக்கிவிட்டேன். வகுப்பில் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்தேன். சத்தம் தெருவுக்குப் போகக் கூடாது என்று கதவு, சன்னல் எல்லாம் சாத்தினேன். கோயில் புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரையும் கழற்றினேன். (கழற்றியது சீரியல் பல்பு ஒயர். இது பிற்பாடு தெரிந்தது.)

முதலில் ஒரு பையன் வந்தான். "எங்க வூட்ல ஆறு கோழி இருக்கு. அதுல ரெண்டு பக்கத்து வூட்டுது. அம்மா அத மட்டும் கூடைல கவுத்து வெக்கும்."

வகுப்பே சிரித்தது. கொஞ்சம் பொறுத்து வெளியிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது.

"நல்ல எக்கோ டீச்சர், இந்த ரூமுக்கு" என்றேன் பெருமையாக.

அடுத்து கயலு. ஸ்டாண்டை அவள் உயரத்துக்கு இறக்கி, பக்கத்திலேயே முட்டி போட்டு உட்கார்ந்தேன். மைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எச்சில் விழுங்கும் சத்தம் பாக்ஸில் கேட்டது. பிறகு,

"எங்க அப்பா மைக்செட்டு வெச்சிருக்காரு."

வந்துவிட்டது! எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

"எங்க அப்பாவுக்குப் பல்லின்னா பயம்."

கண் காய்ந்துபோச்சு.

"பாத்ரூம்ல பல்லி இருந்தா துண்டு கட்டிக்கினு வெளிய நின்னு, செல்வி, செல்வின்னு அம்மாவ கூப்புடுவாரு, அம்மா துடப்பத்தோட போவும்."

இந்தத் தடவை எக்கோ முதலில் வந்தது. அதோடு கதவும் தட்டப்பட்டது. டீக்கடைக்காரர் நின்றார், பின்னால் கூழ் வாங்க வந்த கூட்டம் சொம்பும் கையுமாக.

"யோவ் மைக்செட்டு! குழாய் ஓடுதுய்யா! செலியமேடு வரைக்கும் உன் பல்லிதான் பேசுது!"

கூட்டத்தில் ஒரு அம்மாள், "அந்த ரெண்டு கோழி என்துடீ!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

நான் பாய்ந்து சுவிட்சில் கை வைத்தேன். கயலு மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னும் ரெண்டு வரி இருக்குப்பா." அதுவும் குழாயில் போனது.

பின் பெஞ்சில் அவளை ஊமச்சி என்று கூப்பிட்ட பசங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். என் மானம் ஒரு பக்கம், அந்த ரெண்டு வரி ஒரு பக்கம். சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"பல்லி போனப்புறம் அப்பா உள்ள போயி பாட்டு பாடுவாரு" என்றாள் கணீரென்று. "எங்க வூடு நல்ல வூடு."

தெருவே கை தட்டியது.

அதற்கப்புறம் ஊமச்சி என்ற பேரை யாரும் சொல்லவில்லை. எனக்கு வேறு பேர் கிடைத்துவிட்டதே! இப்போதும் கல்யாணத்துக்குப் பேச வருகிறவர்கள், "மண்டபத்துல பல்லி இல்லண்ணே, தைரியமா வாங்க" என்கிறார்கள். உங்கள் அம்மா இந்தக் கதையைச் சொல்லித்தான் விருந்தாளிக்கே காபி கொடுக்கிறாள்.

அன்று சாயங்காலம் நடந்தது மட்டும் யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். நான் குளிக்கப் போனேன். பல்ப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. வாய் வரைக்கும் "செல்வி" வந்தது, விழுங்கினேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அதன்மேலிருந்து கண்ணை எடுக்காமல் தலைக்குச் சீயக்காய் தேய்த்தேன். எரிச்சலில் உயிர் போனது. கண்ணை மூடவில்லை.

பாட்டும் பாடினேன். மெதுவாக.