சுவர் பார்த்து நிற்கும் கடிகாரங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு நீயும், உன் மனைவியும், அவளுடைய முழங்கால்கள் இரண்டும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து, முழுவதும் படி.

நீ வைத்த கெடு இன்றோடு முடிகிறது. மறந்திருக்க மாட்டாய். உன் அத்தான் காலமான பிறகு உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னை உட்கார வைத்து, "மாடி ரூம் சும்மாதான் கெடக்கு, வந்துடுக்கா, அமைதியா இருக்கும்" என்று நீ ஆரம்பித்தாய். உன் மனைவி உடனே, "அந்த வீட்டுல ஒரு சத்தம் கிடையாது, அண்ணி தனியா எப்படி இருப்பாங்க? ரூமுக்கு ரோஸ் கலர் பெயிண்ட் கூட அடிச்சாச்சு" என்று முடித்தாள். ரோஸ் கலர்! நான் என்ன, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையா? வியாபாரம் செய்யப் போகிறேன் என்று அப்போதுதான் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் சாம்பார் மேசைவிரிப்பில் தெறித்தது. "சரிக்கா, அடுத்த வருஷம் இதே நாள் வரைக்கும் பாப்போம். ஓடலேன்னா சாவியக் குடுத்துட்டு மாடிக்கு வந்துடணும்" என்றாய். "ஓடினா, மாடி ரூம்ங்கற பேச்சையே நீ எடுக்கக் கூடாது" என்றேன். கை கொடுத்தோம். உன் மனைவி சாட்சி.

டிராப்ஷிப்பிங் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி தலையாட்டுவாய். சொல்கிறேன். நான் இணையத்தில் ஒரு கடைப் பக்கம் திறக்கிறேன். அதில் சுவர்க் கடிகாரம், அலாரம் கடிகாரம் என்று படம் போடுகிறேன். ஒருவர் வாங்குகிறார். நான் சப்ளையருக்குச் சொல்கிறேன். அவர் நேராக வாங்கியவர் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார். நடுவில் நிற்பதற்கு எனக்கு லாபம். இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வீடியோ ஆசிரியர். கார் மேல் சாய்ந்துகொண்டே பாடம் நடத்துவார். நான் படித்த கான்வென்ட் பள்ளியில் சுவரில் சாய்ந்தாலே சிஸ்டர் வெளியே அனுப்பிவிடுவார், அதனால் ஆரம்பத்திலேயே எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு நெருடல். "சரக்க நீங்க கண்ணாலகூட பாக்க வேண்டியதில்ல, அதுதான் இதோட அழகே" என்று அவர் மகிழ்ச்சியாகச் சொன்னபோது நெருடல் உறுதியாகிவிட்டது. கண்ணால் பார்க்காத பொருளை நல்ல பொருள் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் கை கொடுத்தாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கினேன்.

முதல் கடிகாரத்தை வாங்கியவர் ஒரு முடிதிருத்துநர். வாங்கிய வாரமே போன் செய்தார். கோபமாகக் கூடப் பேசவில்லை. "அம்மா, உங்க கடிகாரத்த நம்பி கடைய லேட்டாத் தொறந்தேன். கஸ்டமர் பாதி ஷேவிங் சோப்போட வாசல்ல நிக்கிறாரு. அவரே போட்டுக்கிட்டு வந்துட்டாரும்மா" என்றார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. பள்ளியில் படித்த காலம் முழுவதும் மணி அடித்த பின் வகுப்புக்குள் நுழைந்தவள் இல்லை நான். என் பெயர் போட்டு ஒரு கடிகாரம் வெளியே போய், தாமதமாக நடந்துகொள்வதா? அவருக்கு வேறு கடிகாரத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அன்றே ஒரு முடிவெடுத்தேன். இனி எந்தக் கடிகாரமும் என் வீட்டுக்கு வந்து, நான் பார்த்து, நான் திருப்திப்பட்ட பிறகுதான் வெளியே போகும்.

அடுத்த ஆர்டர்கள் போனதுமே சப்ளையர் ஆபீசிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். குரல் ஒரே குழப்பம்.

"மேடம், கஸ்டமர் அட்ரஸ் எல்லாத்துலயும் உங்க வீட்டு அட்ரஸே போட்டிருக்கீங்க."

"ஆமாம். வேண்டுமென்றுதான் போட்டேன்."

"அங்க வந்து, நீங்க பாத்து, நீங்க அனுப்புவீங்களா?"

"அப்படித்தான்."

"மேடம், அது டிராப்ஷிப்பிங் இல்ல மேடம்."

"பின்னே அதற்குப் பேர் என்ன?"

"கடை மேடம். அத வந்து, கடைன்னு சொல்வாங்க."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போயிற்று.

தம்பி, நான் சோதிக்கும் முறையைக் கேள். வந்த கடிகாரம் கூடத்துச் சுவரில் ஒரு வாரம் தொங்க வேண்டும். ரேடியோவில் செய்தி தொடங்கும்போது எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பேன். முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம். தவறு செய்த கடிகாரத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி மாட்டிவிடுவேன். கான்வென்டில் எங்களை அப்படித்தான் நிற்க வைப்பார்கள், நாங்கள் திருந்தவில்லையா? பாட்டரியை மாற்றி இன்னொரு வாய்ப்புக் கொடுப்பேன். அப்போதும் திருந்தாதது, "முயற்சி போதாது" என்ற என் குறிப்போடு சப்ளையருக்கே திரும்பிப் போகும். தேறியதற்கு என் கையெழுத்தில், சேர்த்தெழுதும் அந்தக் கான்வென்ட் கையெழுத்தில், ஓர் அட்டை கட்டி அனுப்புவேன்: "இக்கடிகாரம் ஒரு வாரம் என் வீட்டில் தங்கி ஒழுங்காக நடந்துகொண்டது." கடைப் பக்கத்தில் இருந்த பொய்களையும் அழித்தேன். 'மென்மையான ஓசை' என்று சப்ளையர் எழுதியிருந்த ஒன்றைக் கேட்டுப் பார்த்தால், யாரோ பாக்கு வெட்டுவது போல இருந்தது. "இதன் ஓசை பலமானது. தனியாக இருப்பவர்களுக்குத் துணை, துணையோடு இருப்பவர்களுக்குத் தொந்தரவு" என்று மாற்றினேன். அன்றிலிருந்து அதுதான் அதிகம் விற்கிறது. ஒரு வாடிக்கையாளர் என் அட்டையைச் சட்டம் போட்டு, கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் படம் அனுப்பியிருக்கிறார். அந்த முடிதிருத்துநர், கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சோப்புப் போடுவதற்கு முன் என் பெயரைத்தான் சொல்கிறாராம்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். அலாரம் கடிகாரங்களைச் சோதிக்கும்போது, எது சொன்ன நேரத்தில் அடிக்கிறது, எது சோம்பேறி என்று ஒப்பிட வேண்டாமா? எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் வைத்தேன். விடிந்தும் விடியாததுமாய் அவை ஒன்றாக அடித்தபோது நானே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து "ப்ரெசென்ட் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று, அதை நிறுத்தினால் அலமாரி மேல் இன்னொன்று. நான் ஸ்டூல் மேல் ஏறி நிற்கும்போது எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு கதவைத் தட்டி, "எங்கம்மா தீ? எங்க தீ?" என்று கத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இடி விழுந்தாலும் எந்திரிக்காதவன்மா நானு. என் பொண்டாட்டியும் தண்ணி ஊத்திப் பாத்துட்டா. இதுல எது என்னைய எழுப்புச்சு? அது எனக்கு வேணும்" என்றார். எது என்று கண்டுபிடிக்க முடியாததால் சத்தமானதாக இரண்டு எடுத்துக்கொண்டு போனார். டாக்ஸி ஸ்டாண்டு முழுவதும் இப்போது என் வாடிக்கையாளர்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. போன வாரம் சப்ளையர் ஆபீஸ் பையன் கூப்பிட்டான். திருப்பி அனுப்பித் திருப்பி அனுப்பி, தொழிற்சாலையிலேயே என் பார்சலைத் தனியாகப் பார்த்து எடுத்துவைக்கிறார்களாம். "டீச்சர் வீட்டுச் சரக்குன்னு பேரு மேடம். அதுல கைய வைக்க எல்லாருக்கும் பயம்" என்றான். நான் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. திருத்தவும் இல்லை.

ஆகவே, "இதெல்லாம் தேறுமாக்கா?" என்று அன்று சிரிப்புக்கு நடுவே நீ கேட்ட கேள்விக்குப் பதில்: கார் மேல் சாய்ந்தவர் சொன்னபடி செய்தால் தேறாது. நிமிர்ந்து நின்று செய்தால் தேறும். மின்சாரம், தண்ணீர், வரி, மருந்து எல்லாம் என் கடையிலிருந்தே போகிறது. உன்னிடம் எதற்கும் வந்து நிற்கவில்லை. சத்தமே இல்லாத வீடு என்று உன் மனைவி சொன்னாளே, உன் அத்தான் போன பிறகு அது உண்மையாகத்தான் இருந்தது. அவர் செருமல் கூட இல்லாத அந்தக் கூடத்துக்கு நானே பயந்தேன் என்பதை இப்போது சொல்லலாம். இன்று ஒருமுறை வந்து நின்று பார். சமையலறையிலிருந்து படுக்கையறை வரை ஒவ்வொரு சுவரும் பேசுகிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது, அங்கேயே இருக்கும். எனக்காக மாடி அறையிலிருந்து இறக்கிய உன் மனைவியின் உடற்பயிற்சி சைக்கிளைத் தாராளமாகத் திரும்ப ஏற்றி வைக்கலாம். கெடு முடிந்தது. ஜெயித்தது அக்கா. அடுத்த முறை பார்க்கும்போது எழுந்து நின்று கை கொடு.

உனக்கும் உன் மனைவிக்கும் நீண்ட ஆயுளும், நல்ல பசியும், குறுக்கே பேசாத பழக்கமும் கிடைக்க ஆசீர்வதிக்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா
(கடை உரிமையாளர்)

பின்குறிப்பு: சைக்கிளை இன்னும் ஏற்றவில்லையென்றால் ஏற்ற வேண்டாம். விஷயம் இதுதான். படுக்கையறைச் சுவரையும் விட்டுவைக்காத அளவுக்கு ஆர்டர் வந்துவிட்டதால், எனக்குத் தூக்கம் போய்விட்டது. காதில் பஞ்சு வைத்தேன், தலையணையை மேலே போட்டேன், ம்ஹூம். கடிதத்தை டாக்ஸிக்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன், இன்று இரவிலிருந்து படுப்பதற்கு மட்டும் மாடி அறைக்கு வருகிறேன். காலையில் கடைக்குப் போய்விடுவேன். எந்தக் கடை முதலாளி கடையிலேயே தூங்குகிறார்? இதைத் தோல்வி என்று உன் மனைவி சொன்னால் அவளிடம் இந்தக் கடிதத்தை முதலிலிருந்து வாசித்துக் காட்டு. ரோஸ் கலர் இருந்துவிட்டுப் போகட்டும், விளக்கை அணைத்தால் தெரியாது. ஆனால் அந்த அறையில் உங்கள் கல்யாணப் பரிசாக வந்த கடிகாரம் ஒன்று தொங்குகிறதே, அது தாமதமாக ஓடுகிறது. போன முறையே கவனித்தேன். நான் வருவதற்குள் அதைச் சுவர் பார்க்கத் திருப்பி வை.