ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரர் பச்சை குத்தப் போன விவரம்

என்றும் என் மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, ஸ்டாம்ப் கடை மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், இடது கை நீங்கலாக, நலம். அங்கே தாங்களும் அக்காவும் உங்கள் மகள் பாப்பாவும், எட்டு நாளாக உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவியும், முழு நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் நீங்கள் போன் செய்து, "பாப்பா டாட்டூ போட்டுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. உங்க கடைக்கு நாலு கடை தள்ளித்தானே அந்த ஸ்டூடியோ இருக்கு? ஒரு எட்டு போய்ப் பாத்து, எப்படி இடம், எவ்வளவு வலிக்கும்னு விசாரிச்சு எழுதுங்க மாப்பிள்ளை" என்றீர்கள். விசாரித்துவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே விசாரித்துவிட்டேன் என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் உங்கள் வீட்டுப் போனை அவள் எடுத்துவிட்டால் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. எழுத்து என்றால் நடுவில் நிறுத்தி யோசித்தாலும் எதிராளிக்குத் தெரியாது.

முதலில் அவள் ஏன் உங்கள் வீட்டுக்கு வந்தாள் என்று சொல்லிவிடுகிறேன், அவளாகச் சொல்லியிருக்க மாட்டாள். உங்கள் தங்கை வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பழைய துணிகளைப் பிடித்துத் தருவதும் இறக்கித் தருவதுமாகத் தொழில் செய்வது உங்களுக்குத் தெரியும். துணியோடு குத்தி அனுப்பும் சீட்டுக்கு, தன் பெயர் போட்டு ஒரு ஸ்டாம்ப் வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டாள். ஆகட்டும் என்றேன். அப்புறமும் கேட்டாள், அப்புறமும் ஆகட்டும் என்றேன். ஊரில் இருக்கும் பேங்க், பள்ளிக்கூடம், டாக்டர், வக்கீல் எல்லோருக்கும் முப்பத்துநாலு வருஷமாக ஸ்டாம்ப் செய்து கொடுக்கிற எனக்கு, வீட்டு வேலைதானே, எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஒரு மெத்தனம். போன வாரம் ஒரு பேன்ட்டில் குத்தியிருந்த சீட்டைப் பார்க்கிறேன், அதில் அவள் பெயர் பளிச்சென்று ஸ்டாம்ப்பில் விழுந்திருக்கிறது. என் கடை வேலை இல்லை. அந்த நேரத்தில் மனுஷனாகப் பிறந்தவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் சீட்டை லென்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு, "எழுத்து சாஞ்சிருக்கே, எவன் செஞ்சது?" என்றேன். "செஞ்சு குடுத்தவன்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்று ஏதோ சொன்னாள், நான் ஒரு டாக்டரின் முகவரி ஸ்டாம்ப்பில் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்ப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. சாயங்காலம் அக்காதான் போனில், அவள் வந்து சேர்ந்துவிட்டாள் என்றார்கள். விவரம் எதுவும் கேட்காமல், சரிக்கா என்று வைத்துவிட்டேன்.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன் மச்சான். வீட்டில் மெஷின் சத்தம் இல்லாமல் சோறு இறங்கவில்லை. இப்போது போய் ஸ்டாம்ப் செய்து நீட்டினால் அது பிடிபட்ட பிறகு செய்தது போலத்தான் இருக்கும், அதைவிடப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் நீங்கள் கேட்ட விசாரணை நினைவுக்கு வந்தது. அவள் பெயரைக் கையிலேயே குத்திக்கொண்டு போய் நின்றால் எவ்வளவு கோபம் இருந்தாலும் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு யோசனை வந்தால் யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு இருந்த ஒரே ஆளும் உங்கள் வீட்டில்.

இடத்தைப் பற்றிப் பாப்பாவுக்குச் சொல்லுங்கள், குறை சொல்ல முடியாது. கண்ணாடிக் கதவு, உள்ளே பல் டாக்டர் அறையில் இருப்பதைப் போல ஒரு சாய்வு நாற்காலி, சுவர் பூராவும் பாம்பும் சிறகும் பூவும். பச்சை குத்துவது ஒரு பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், இரண்டு கையிலும் விரல் நுனி வரை படம், பேச்சு மட்டும் நர்ஸ் மாதிரி அத்தனை பதவிசு. முதலில் ஒரு படிவம் கொடுத்து, சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, என்ன மாத்திரை என்று எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டாள். ஊசியை என் கண்ணெதிரே புது உறையைப் பிரித்து எடுத்தாள், கையுறையைத் தொட்டதற்கெல்லாம் மாற்றினாள். "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டாள். ஊசி என்றதும் ரத்தப் பரிசோதனை ஞாபகத்தில் முந்தின நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடாமல் போயிருந்தேன். பெருமையாகச் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, பிஸ்கட்டும் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வைத்தாள். பாப்பா போகிற நாளில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், அது முக்கியம்.

இனி நடந்தது முழுக்க என் குற்றம், அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. கம்ப்யூட்டரில் எழுத்து தேடிக் காட்டுகிறேன் என்றாள். நான் விடவில்லை. என் பெண்டாட்டி பெயரை என் கையால்தான் எழுதுவேன் என்று இரண்டு நாள் உட்கார்ந்து டிரேசிங் தாளில் வரைந்து கொண்டுபோயிருந்தேன், ஒரு எழுத்துகூடச் சாயவில்லை. ஸ்டாம்ப் தொழிலில் எல்லாமே கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திருப்பித்தான் செய்ய வேண்டும், அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். இப்போது மெஷினே திருப்பிக்கொள்கிறது, ஆனாலும் என் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவள் தாளைப் பார்த்துவிட்டு, "சார், திருப்பி எழுதியிருக்கே. இப்படியேவா போடணும்?" என்றாள். நான் சிரித்தேன் மச்சான். "முப்பத்துநாலு வருஷத் தொழில்மா. இப்படி இருந்தாத்தான் நேரா விழும்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, "கண்ணாடியில பாத்தா சரியாத் தெரியணும், அப்படித்தானே? சில பேரு அப்படியும் போட்டுக்குவாங்க" என்றாள். எனக்கு அது சரியான பேச்சாகவே பட்டது. முழங்கைக்குக் கீழே மழித்து, என் எழுத்தை ஊதா மையில் படியெடுத்த தாளைத் தோலில் ஒட்டி எடுத்து, நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தி, "நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார், அப்புறம் மாத்த முடியாது" என்றாள். கண்ணாடியில் பெயர் அட்சரம் பிசகாமல் இருந்தது. போடும்மா என்று கம்பீரமாகக் கையை நீட்டினேன்.

வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் எழுத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவது எழுத்துக்குக் கூரையைப் பார்க்கலாம், மூன்றாவதற்கு அந்தப் பெண், "அம்மா பேரா சார்?" என்று பேச்சுக் கொடுத்தாள், மனைவி என்றேன், "குடுத்து வெச்சவங்க" என்றாள், அதற்குத்தான் கண் கலங்கியது. ஊசிக்கு இல்லை. பிளாஸ்டிக் தாள் சுற்றிவிட்டு, சொறியக் கூடாது, வெயில் படக் கூடாது, காய்ந்து உரியும்போது பிய்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். எல்லாவற்றையும் கடைப்பிடிக்கிறேன்.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். இரண்டு நாள் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன், எனக்கு நேரும் ஒன்றுதான், திருப்பியும் ஒன்றுதான், கண்ணுக்கு வித்தியாசமே தெரிவதில்லை. நேற்று பேங்க் குமாஸ்தா ஸ்டாம்ப் வாங்க வந்தார், என் கையையே உற்றுப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "என்ன பாஷை அண்ணே இது?" என்றார். என் வீட்டுக்காரி பெயர் என்றேன். கைப்பேசியில் படம் எடுத்து, அதைத் திருப்பிக் காட்டி, "இப்பத் தெரியுது" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்தவன் அவர் போகும்வரை எழுந்திருக்கவில்லை. அவரும் சும்மா போகவில்லை, "மையைத் தடவி ஒத்தி எடுத்தா நேரா வரும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்குக் காலையிலிருந்து தெருவில் மூன்று பேர், என் கையை ஒத்திப் பார்க்க மைப்பெட்டி கேட்டு வந்துவிட்டார்கள்.

சிரிப்பு இருக்கட்டும் மச்சான், எனக்கு வருத்தமாக இருக்கிறது. கேட்டபோது அரை மணி நேர வேலை. அதை இரண்டு வருஷம் செய்யாமல் விட்டு, கடைசியில் செய்ததையும் அவளால் படிக்க முடியாதபடி செய்திருக்கிறேன். அழிக்க முடியுமா என்று கேட்டேன், லேசர் வைத்துப் பல தடவை எடுக்க வேண்டும், போட்டதைவிட வலிக்கும் என்கிறார்கள். அவள் பெயரை அழிக்க எனக்கும் கை வரவில்லை. ஆகவே நீங்கள் பெரிய மனது பண்ணி, நான் தவறை உணர்ந்துவிட்டேன் என்று மட்டும் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். கை விவகாரம் ஒரு எழுத்துகூட அவள் காதுக்குப் போக வேண்டாம். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

பாப்பாவுக்கு என் ஆசிகள். எது போட்டுக்கொண்டாலும் பக்கத்தில் வேறொருவரை நிறுத்திப் படிக்கச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளட்டும். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் பொறுப்பில் அவளையும், உங்கள் தயவில் என்னையும் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
முழுக்கைச் சட்டைக்கு மாறிவிட்ட,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அக்கா போன் செய்தார்கள். உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருக்கிறதாம், படிக்கவே கூடாதாம். "எனக்கு லீவு கிடைக்கலன்னுதான் தம்பி அவளைப் பத்து நாள் வரச் சொன்னோம். உங்ககிட்ட எல்லாம் சொன்னாளாமே, நீங்களும் 'ம்'னு சொன்னீங்களாமே. அப்புறம் ஒரு போன்கூடப் பண்ணலையேன்னு அவதான் வாடிப்போய்க் கிடக்கிறா. பேப்பர், மருந்துச் சீட்டு, வர்ற கடிதம் எல்லாம் அவதான் அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டுறா" என்றார்கள். அப்படியென்றால் இதையும் அவள்தான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறாள். கிழித்துப் போடத்தான் கையில் எடுத்தேன், ஆனால் இதில் உள்ளதை நேரில் சொல்ல எனக்கு வராது, மறுபடி எழுதவும் வராது, அதனால் அப்படியே அனுப்புகிறேன். மச்சான், நீங்கள் ஒரு நிமிஷம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். இந்தாம்மா, நீ கோபத்தில் போகவில்லை என்று கேட்டதும் எனக்கு நிம்மதியைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. என்றைக்குத் திரும்புகிறாய், எந்த வண்டி என்பதையும் அன்று காலையிலேயே சொல்லியிருப்பாய். இன்னொரு தடவை சொல்லு. கேட்கிறேன்.