சுவரில் மாட்டிய வெள்ளைக்காரர்

கடைவீதி, செஞ்சி.

மதிப்பிற்குரிய மைத்துனர் சுந்தரமூர்த்தி அவர்களுக்கு, தேவநாதன் வணக்கம். இங்கே மழையும் வியாபாரமும் சுமார். திண்டிவனத்தில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உங்கள் தங்கை பாதியில் பிடுங்கிக்கொள்வாள் என்பதால் கடிதம்.

என் மகன் விக்ரமன் பாத்திரக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரனின் சரித்திரம் எழுதுகிறான். ரெஜினால்ட் பிளம்லியாம். இரண்டு உலகப் போருக்கும் நடுவே, நம் விழுப்புரம் மாவட்டம் போல அவன் நாட்டில் ஏதோ ஒரு மாவட்டத்துக்குக் கிரிக்கெட் ஆடியவனாம். ஆயுசில் ஒருமுறைகூட ஐம்பது அடித்ததில்லை. ஆனால் கேப்டன்! ஏனென்று கேட்டால், "அவரு சம்பளம் வாங்காம ஆடுனவரு நைனா. சம்பளம் வாங்குறவங்க வேற வாசல் வழியா வரணும், இவர சார்னு கூப்புடணும்" என்கிறான். சும்மா ஆடி, சுமாராக ஆடி, கேப்டனும் ஆனவனிடம் இவன் என்னத்தைக் கற்றுக்கொள்வான், சொல்லுங்கள்?

அதோடு விட்டானா? அந்த ஆளின் படத்துக்குச் சட்டம் போட்டு, கூடத்தில் என் நைனா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டான். உங்கள் தங்கை, "செத்துப்போனவரு படத்த சும்மா மாட்டி வெக்கலாமாங்க?" என்று அமாவாசையன்று சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்து, இவனுக்குப் பேசியிருக்கும் பெண் மதுமதியின் அப்பா ராஜாங்கம் அவலூர்பேட்டையிலிருந்து வீடு பார்க்க வந்தார். எவ்வளவு அலைந்து பிடித்த சம்பந்தம்! படத்தைப் பார்த்தவர், "இவுரு உங்க பாட்டனாருங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இந்தப் பயல், "அவரு இல்லன்னா நான் இல்லீங்க" என்கிறான். ராஜாங்கம் என் முகத்தைப் பார்த்தார், அவன் சிவந்த நிறத்தைப் பார்த்தார், கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார். இலை போட்டும் கை நனைக்காவிட்டால் பெண் இல்லை என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனோ மதுமதியைத் தவிர வேறு பெண் வேண்டாம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுத் திரிகிறான். படத்தைக் கழற்றச் சொன்னால் மட்டும் முடியாதாம்.

தாய்மாமன் நீங்கள் உடனே வந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டு, அந்தப் படத்தையும் எடுத்துப்போக வேண்டும். சிங்கவரம் ரங்கநாதர் அருளால் உங்கள் பிள்ளைகளாவது இப்படி ஆகாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தேவநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ராஜாங்கம் போன் செய்தார். "கடைவீதியில விசாரிச்சோம் சம்பந்தி. ஒட்டுமில்ல ஒறவுமில்ல, எவரோ ஒருத்தருக்கே மாலை போட்டுக் கும்புடுறீங்க. எங்க பொண்ண எப்பிடி வெச்சிக்குவீங்கன்னு நெனச்சிப் பாத்தோம். வெள்ளிக்கெழம வந்து கை நனைக்கிறோம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே யாரையும் திட்ட வேண்டாம், குடும்பத்தோடு விருந்துக்கு வரவும். வரும்போது நல்ல ரோஜா மாலையாக ஒன்று வாங்கி வரவும், பிளம்லி அவர்களுக்கு.