பேய் பிடித்த தலை, அருள் பிடித்த மட்டை

அந்தக் கோல்ஃப் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்து அடிப்பவர்களைவிட வரிசையில் நிற்பவர்களே அதிகம். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வளைந்து போகும் வரிசை, ஒரு வெள்ளைக் கூடாரத்தின் வாசலில் முடியும். கூடாரத்துக்குள் ஊசலார் எழுந்தருளியிருப்பார்.

வரிசையில் நின்றவர்கள் கைநாட்டுகள் அல்ல. வக்கீல் இருந்தார். வங்கி மேலாளர் இருந்தார். இதயத்தைத் திறந்து தைத்து மூடும் மருத்துவர் இருந்தார். பாலம் கட்டும் பொறியாளரும் இருந்தார். பாலம் நிற்பதற்குக் கணக்கு உண்டு என்று அறிந்த அந்த மனிதர், பந்து பறப்பதற்கும் ஏதாவது கணக்கு இருக்கலாம் என்று சந்தேகப்படவே இல்லை. படிப்பெல்லாம் அலுவலகத்துக்கு. விடுமுறை நாளில் அதற்கும் விடுமுறை.

ஊசலார் தாயத்துக் கட்டுகிற பழைய ஆசாமி அல்ல. நவீனமானவர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி. அவர் தருவது டிரைவர். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் இல்லை. கோல்ஃபில் பந்தை வெகுதூரம் விரட்டுகிற நீள மட்டைக்கு அப்படிப் பெயர். நுனியில் இரண்டு முஷ்டி சேர்ந்த அளவுக்கு டைட்டானியத் தலை இருக்கும். அந்தத் தலையில் பந்தைத் தொடுகிற முகத்துச் சுவர் ஒரு மயிரிழை தடித்தால் போதும், பந்து சோம்பிப்போகும். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் பந்து மரத்தடியைத் தேடிப் போகும்.

இந்த விவரமெல்லாம் வரிசைக்குத் தேவைப்படவில்லை. ஊசலார் மட்டைகளைப் பரப்பிவைத்து, நூலில் கட்டிய பித்தளைக் குண்டை அவற்றின்மேல் தொங்கவிட்டுக் கண்ணை மூடுவார். எந்த மட்டையின்மேல் குண்டு வட்டம் போடுகிறதோ, அது வந்தவருக்காகவே பிறந்த மட்டை. காணிக்கை இவ்வளவு என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. குறைத்து வைத்தால் குண்டு சுற்றாது, அவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த மட்டைகள் உண்மையிலேயே நன்றாக அடித்தன. ஒன்றைப் போலவே இன்னொன்றும் பந்தை நேராக, தூரமாக அனுப்பியது. ஏமாற்றுக்காரன் கொடுத்த பொருள் நல்லதாக இருந்துவிட்டால் அவனைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்?

ஒருவருக்கு வந்தது. அந்த மைதானத்தில் ஆடுகிறவர்களில் டாக்டரம்மா ஒருவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மயக்க மருந்து நிபுணர். ஆயுள் முழுக்க ஊசி போட்டு மற்றவர்களை மயக்கியவருக்கு, ஊசி இல்லாமலே மயங்குகிறவர்களைக் கண்டால் ஆகாது.

"அடிச்சுப் பாருங்க டாக்டரம்மா," என்று வக்கீல் தன் மட்டையை நீட்டினார். "போன மாசம் வரைக்கும் என் பந்து மரத்துக்குள்ளதான் போகும். இப்போ ரோடு போட்ட மாதிரி நேரா போகுது. எல்லாம் ஊசலார் அருள்."

டாக்டரம்மா அடித்துப் பார்த்தார். பந்து நேராகத்தான் போனது. பிறகு மட்டையைத் திருப்பித் தலையைப் பார்த்தார். தலையும், தண்டைச் செருகும் கழுத்தும் சேரும் இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு. அதைப் போன்ற தழும்பை அவர் முன்பே பார்த்திருக்கிறார். மருமகனின் மேசையில், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த டிரைவர் தலையில். மருமகன் நடத்துவது டிரைவர் தலை செய்யும் தொழிற்சாலை. வார்ப்பு அச்சில் இருந்த ஒரு சின்னக் கீறல், அங்கே பிறக்கும் எல்லாத் தலையிலும் அந்தத் தழும்பைப் போட்டுத்தான் அனுப்பும்.

"இதையெல்லாம் அவர் எங்க வாங்குறாரு?"

"வாங்குறதா? தியானத்துல வருதுங்க."

"தியானத்துல வர்றது அச்சுத் தழும்போடயா வரும்?" என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா மட்டையைத் திருப்பிக் கொடுத்தார். வக்கீலுக்குக் கேள்வி புரியவில்லை. நீதிமன்றத்தில் கேட்டிருந்தால் புரிந்திருக்கும்.

மறுநாளே டாக்டரம்மா மருமகனின் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே நிலைமை வேறு மாதிரி இருந்தது. வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பந்து போகவில்லை, மரக்கட்டையால் அடித்த மாதிரி இருக்கிறது என்று புகார். காரணம் எளிது. தலையின் முகத்தை உட்புறம் சுரண்டி மெலிதாக்கும் கட்டர் தேய்ந்துபோயிருந்தது. தீட்டிய புதிதில் சுவர் சரியாக வரும். மழுங்க மழுங்கத் தடிக்கும். போர்மேன் ஒருமுறை முதலாளியிடம், அதாவது மருமகனிடம், இதைச் சொல்லியிருந்தார். முதலாளி முறைத்தார். போர்மேன் அதோடு வாயை மூடிக்கொண்டார்.

புதுக் கட்டர் வாங்கச் சொன்னால் முதலாளிக்கு வயிறு எரியும். பேய் என்று சொன்னால் எரியாது. ஆகவே பேய் என்று முடிவாயிற்று. சொன்னவர், முதலாளியின் ஒன்றுவிட்ட தம்பி, ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர். பேய் ஓட்ட ஊசலாரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவரும் அவரே.

"வெல்டிங் அக்காவைக் காணோமே, மாப்பிள்ளை?" என்று டாக்டரம்மா கேட்டார். தலையோடு முகத்தை ஒட்டவைக்கும் வேலை செய்பவளைத் தொழிற்சாலையே அப்படித்தான் கூப்பிடும்.

மருமகன் தரையைப் பார்த்தார். "அவங்க கை வழியாத்தான் பேய் உள்ள நுழையுதுன்னு ஊசலார் ஐயா சொன்னாரு, அத்தை. எல்லாத் தலையும் அவங்க கையைத் தாண்டித்தானே போகுது. அதான் கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும்னு..."

"சம்பளம்?"

மருமகன் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

டாக்டரம்மா அவள் வீட்டுக்குப் போனார். வெல்டிங் அக்கா கதவைத் திறந்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சம்பளத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

"தங்கச்சிக்குக் குழந்தை பொறந்திருக்கும்மா. பார்க்கப் போனேன். என் கையில தரமாட்டேன்னுட்டா. தூங்குது, தூங்குதுன்னே சொன்னா. முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தான் பையன். என்னையேதான் பார்த்தான்."

அதைச் சொன்னபோது அவள் குரல் உடையவில்லை. கைகள்தான் பின்னால் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. டாக்டரம்மாவுக்கு அதுவரை இருந்தது வேடிக்கை பார்க்கும் மனநிலை. அந்த வாசலில் அது போய்விட்டது.

ஊசலார் அடுத்தமுறை தொழிற்சாலைக்குப் பேய் பார்க்க வந்தபோது டாக்டரம்மா ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஸ்டோர்காரர் தலைகளைத் துணியால் துடைத்து, பயபக்தியோடு மேசையில் அடுக்கினார். குண்டு சுற்றியது. சுற்றிய தலைகளெல்லாம் பேய் பிடித்தவை. ஊசலார் அவற்றைச் சாக்கில் கட்டி நடுக்கடலில் போட்டுவிடுவார். குண்டு சுற்றாதவை சுத்தமானவை. பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போகும். இடையில் அளக்கலாம் என்று யாரும் பேசக்கூடாது. கருவி பட்டால் பேய்க்குக் கோபம் வருமாம். தடிமன் பார்க்கும் கருவி ஸ்டோரில் பூட்டியிருந்தது. சாவி தம்பியிடம்.

எந்தப் பேயும் அளவுகோலுக்குப் பயப்படுவதில்லை. பேய் ஓட்டுகிறவன்தான் பயப்படுவான்.

டாக்டரம்மா குண்டைப் பார்க்கவில்லை. தலைகளைப் பார்த்தார். சிலவற்றின் கழுத்து வலப்பக்கம் திரும்பியிருந்தது, சிலவற்றின் கழுத்து இடப்பக்கம். வலப்பக்கம் திரும்பியவற்றின்மேல் மட்டும் குண்டு சுற்றியது.

வீட்டுக்குப் போய் மருமகனிடம் பதமாகப் பேசினார். "மாப்பிள்ளை, மைதானத்துல பெரிய மனுஷங்க நாலு பேர் உங்க தொழிற்சாலையைப் பார்க்கணும்னு சொல்றாங்க. ஐயா பூசையன்னிக்கே கூட்டிட்டு வரட்டுமா?"

பெரிய மனிதர்கள் என்றதும் மருமகன் குளிர்ந்துபோனார். மைதானத்தில் டாக்டரம்மா வேறு விதமாகச் சொன்னார்: ஊசலார் ஓர் இடத்தில் விசேஷமாகக் குண்டு பார்க்கிறார், மட்டையோடு வாருங்கள். வக்கீலும் மற்றவர்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களைக் கேன்டீனில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

தலைகள் அடுக்கிய முதல் தட்டு மேசைக்கு வந்தது. குண்டு சுற்றியது. பேய் பிடித்தவை ஒரு பக்கம், சுத்தமானவை ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டன.

"ஐயா களைச்சிருப்பீங்க. ஒரு காபி குடிச்சுட்டு வாங்க. அடுத்த தட்டை அதுக்குள்ள எடுத்து வைக்கச் சொல்றேன்," என்றார் டாக்டரம்மா. ஸ்டோர்காரரை விருந்தாளிகளுக்கு நாற்காலி எடுத்துவர அனுப்பினார். இருவரும் அப்பால் போனதும், போர்மேனை விட்டுப் பேய் பிடித்த தலைகளின் அடியில் மட்டும் சாக்பீஸால் பெருக்கல் குறி போடவைத்தார். பிறகு அதே தலைகளை அதே மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் கழுத்தையும் தன் கையாலேயே மறுபக்கம் திருப்பிவைத்தார். முதலாளியும் தொழிலாளர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ஊசலார் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணை மூடினார், முழுக்க மூடாமல். குண்டு சுற்றியது. இந்த முறையும் சிலவற்றை ஒதுக்கினார்.

"இதுலயும் நிறைய இருக்கு," என்றார் வருத்தத்தோடு.

"கவுத்துப் பாருங்க மாப்பிள்ளை," என்றார் டாக்டரம்மா.

முதலாளி ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். பேய் என்று இப்போது ஒதுக்கியதில் ஒன்றில்கூடப் பெருக்கல் குறி இல்லை. சுத்தம் என்று விட்டதில் எல்லாவற்றிலும் இருந்தது.

"ஐயா, இது அடுத்த தட்டு இல்ல. அதே தட்டு. நான் கழுத்தைத் திருப்பி வெச்சேன், அவ்வளவுதான்."

ஊசலார் சமாளித்தார். "பேய் தாவியிருக்கு. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவும்."

"ஒரு காபி குடிக்கிற நேரத்துல எல்லாப் பேயும் தாவிடுச்சா? ஒண்ணுகூட சோம்பேறிப் பேய் இல்லையா?" என்றவர், மேசைமேல் ஒரு போர்வையை விரித்துத் தலைகளை மூடினார். "இப்போ கழுத்து தெரியாது. எதுல இருக்குன்னு சொல்லுங்க."

"துணி போட்டா சக்தி உள்ள போகாதும்மா."

"கை வழியா டைட்டானியத்துக்குள்ளயே நுழைஞ்ச பேய்ன்னு சொன்னீங்களே. போர்வையைத் தாண்டாதா?"

குண்டு தொங்கியது. செக்கு மாட்டைப் போலச் சுற்றிய குண்டு, இப்போது சண்டி மாடாய் நின்றது. டாக்டரம்மா போய்க் கேன்டீன் கதவைத் திறந்தார்.

வக்கீல் மட்டையும் கையுமாக முதலில் வந்தார். "வணக்கம் ஐயா. இங்கயும் அருள் குடுக்கிறீங்களா?"

"அருளா?" என்றார் ஒரு தொழிலாளி. "இவரு பேய் ஓட்டுறவருங்க."

"யோவ், இவர் மட்டைக்கு உயிர் குடுக்கிறவருய்யா."

இரண்டு பக்தர் கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. டாக்டரம்மா வக்கீலின் மட்டையை வாங்கிக் கழுத்துத் தழும்பை மருமகனுக்குக் காட்டினார். "உங்க அச்சு, உங்க தழும்பு. நடுக்கடல்ல போட்ட பேய் கரையேறி கோல்ஃப் ஆடுது, மாப்பிள்ளை."

ஸ்டோர் பூட்டை உடைத்துக் கருவியை எடுத்து வந்தார்கள். போர்மேன் அளந்தார். பக்தர்களின் மட்டைகள் அத்தனையும் சரியான தடிமன். முதல் தட்டில் பேய் என்று ஒதுக்கியவையும் அப்படியே. சுத்தம் என்று கப்பலுக்குப் பெட்டி கட்டியவைதான் தடித்துப்போன கழிசடை. பூட்டிய அறைக்குள் தம்பி அளந்து நல்லதைப் பொறுக்குவார்; கழுத்தைத் திருப்பி ஜாடை காட்டுவார்; ஊசலார் அதை அள்ளிக்கொண்டு போய்த் தண்டு மாட்டி அருளாக விற்பார். மிச்சமிருந்த மட்டச் சரக்கு கப்பலேறியது, புகார் வந்தது, புகார் வந்ததால் பேய் பெருத்தது, பேய் பெருத்ததால் ஊசலார் இன்னும் அடிக்கடி வந்தார். அந்தத் தொழிற்சாலையிலேயே பழுதில்லாமல் ஓடிய ஒரே இயந்திரம் அதுதான்.

நாற்காலியோடு திரும்பிவந்த தம்பி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சித்தப்பா பையன்னு நம்பினேனேடா," என்றார் முதலாளி. தம்பி நாற்காலியைக் கீழே வைக்கக்கூட இல்லை. ஊசலார் நூலைக் குண்டில் சுற்றத் தொடங்கினார். இருவரையும் போலீஸ் வந்துதான் அழைத்துப்போனது.

"நான் அப்பவே கட்டர்தான்னு சொன்னேன்," என்றார் போர்மேன். அப்போதே சொன்னவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இரண்டாம் தடவை சொன்னவர்கள்தான் அகப்படுவதில்லை.

முதலாளி வெல்டிங் அக்கா வீட்டுக்குப் போய், நாளை வேலைக்கு வந்துவிடு என்றார். அவள் உடனே தலையாட்டவில்லை.

"என் கையில பேய் இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இல்லைன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. வர்றேன்."

சொன்னார். பட்டறை நடுவில் நின்று, வியர்த்து வியர்த்துச் சொன்னார். விட்ட சம்பளத்தையும் கொடுத்தார். புதுக் கட்டர் வந்தது, தேய்வதற்குள் மாற்றினார்கள், தலைகள் ஒரே அளவில் வரத் தொடங்கின, புகார் நின்றது. வேறு எந்தப் பரிகாரமும் செய்யவில்லை. சேதி பரவிய அன்று தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தானாகவே அக்கா வீட்டுக்கு வந்தாள். வெல்டிங் அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வெகுநேரம் குழந்தையோடு மட்டும் பேசினாள். தங்கையோடு பேசவில்லை.

மைதானத்தில் வெள்ளைக் கூடாரம் போய்விட்டது. வக்கீல் அந்த மட்டையைத்தான் இன்னும் வைத்திருந்தார். ஒரு காலை, அவர் டாக்டரம்மாவின் பக்கத்தில் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"அந்த ஆள் பொய்யன்தான். ஒத்துக்கறேன். ஆனா மட்டை நல்லா அடிக்குதே, டாக்டரம்மா."

"அடிக்கும். சுவர் சரியா இருக்கு. அது அருள் இல்ல வக்கீல் சார், அளவு."

"அதுவும் சரிதான்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கும் கேட்டு வெச்சுக்கறேன். வீட்ல இதோட கழுத்தை எந்தப் பக்கம் திருப்பி வெச்சா நல்லது?"

டாக்டரம்மா மட்டையை வாங்கி அதன் தலையை விரலால் தட்டிக் காட்டினார்.

"மட்டையோட தலை உள்ள காலியா இருக்கணும், வக்கீல் சார். அப்பத்தான் பந்து பறக்கும். நம்ம தலையை யாரும் அப்படிச் செய்யலை. உள்ள இருக்கிறதைக் கொஞ்சம் செலவு பண்ணுங்க."