பப்புவா பாயும் திறக்காத பிரியாணி அண்டாவும்

தென்காசி வட்டாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தையே பட்டினி போட்டு, அங்கே யாரும் பார்த்திராத ஒரு தேசத்துக்காகக் கையெழுத்து வாங்கிய ஒரே மனிதர் பப்புவா பாய்தான். அப்படி இன்னொருவர் இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்ல வேண்டாம். ஒருவரையே என்னால் தாங்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ் என்று மனு அடிக்க வருகிறவர்களுக்கு நடுவே, கல்யாணச் சமையல்காரரான பாய் வாராவாரம் வந்து உட்காருவார். நெய்ச்சோற்று வாசனை முதலில் வரும், பின்னாலேயே அவர் வருவார். அவருடைய மனு பப்புவா நியூகினி அரசாங்கத்துக்கு.

முதல் நாள், அது எந்தத் தாலுகா என்று கேட்டுத் தொலைத்தேன். என் ஜெராக்ஸ் பேப்பரை உருவி, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே ஒரு பெரிய தீவை வரைந்தார். நடுவே ஒரு கோடு. கோடு போட்டவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். கிழக்குப் பாதி பின்னால் பப்புவா நியூகினி என்ற தனிநாடானது. மேற்குப் பாதி டச்சுக்காரர்கள் போனதும் இந்தோனேசியாவின் கைக்குப் போனது. சம்மதமா என்று எல்லா ஜனத்தையும் கேட்கவில்லையாம். ஆயிரம் பேரைப் பொறுக்கியெடுத்துக் கேட்டார்களாம். எதிர்த்தவர்கள் பட்டாளத்துக்குப் பயந்து கிழக்கே ஓடி வருகிறார்களாம். கிழக்குப் பக்கம், எல்லையோரத்தில், மரம் வெட்டும் முகாம் ஒன்றில் பாய் எட்டு வருஷம் சமைத்தவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் பட்டா மாறுதல்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

"அப்ப இந்தோனேசியாவுக்குல்லா எழுதணும்?" என்று கேட்டேன்.

"அவங்க என் பேச்சக் கேப்பாங்களாம்மா? பக்கத்து நாட்டுக்காரன்தான் கேக்கணும். தப்பிச்சு வாரவனையாவது திருப்பி அனுப்பாம வச்சிக்கிடணும்லா."

சீசன் நேரத்தில், அந்தத் தீவின் கதையை நோட்டீஸாக அடித்துக் குற்றாலத்துக்கும் கொண்டுபோனார். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர்கள் அதில் பஜ்ஜி எண்ணெயை ஒற்றியெடுத்தார்கள். ஒருவர் மட்டும் கவனமாகப் படித்துவிட்டு, இந்த ரிசார்ட்டில் ஏசி ரூம் உண்டா என்று விசாரித்தாராம்.

அதற்குப் பிறகுதான் இலஞ்சிக் கல்யாணம். மணி இரண்டு. பந்தியில் இலை போட்டாயிற்று. தம் போட்ட அண்டாவுக்கு முன்னால் பாய் கரண்டியோடு நிற்கிறார், பக்கத்து ஸ்டூலில் நோட்டும் பேனாவும். கையெழுத்து விழாமல் மூடி திறக்காது என்றுவிட்டார். துபாயிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா, போலீஸைக் கூப்பிடுவேன் என்று குதித்தார். போலீஸ்காரர் ஒருவர் ஏற்கெனவே பந்தியில்தான் இருந்தார். பசி தாங்காமல் முதல் கையெழுத்தைப் போட்டவரே அவர்தான். பாதிப் பேர் வாழ்த்து நோட்டு என்று நினைத்து 'பதினாறும் பெற்று வாழ்க' என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் 'பிரியாணி எப்போது வரும்?' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் அத்தனையையும் ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லி என் மேஜையில் வைத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. இனி அடிக்க மாட்டேன், அந்த ஊருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கத்திவிட்டேன்.

பாய் நோட்டை மூடினார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னார். மேற்கிலிருந்து தப்பி வந்த எலியாஸ் என்பவன் அவருடைய சமையல்கட்டில் இரண்டு வருஷம் காய் நறுக்கினானாம். ஒருநாள் சீருடை போட்ட நாலு பேர் வந்து, இவன் உன் ஆளா என்று பாயிடம் கேட்டார்கள்.

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா விட்டுருப்பாங்கம்மா. எனக்கு விசா பயம். நான் வெளியூர்க்காரன், எனக்குத் தெரியாதுன்னுட்டேன். வண்டில ஏத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிட்டாங்க. அவன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். நான் சோத்தக் கிண்டிக்கிட்டு நின்னேன்."

நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். 'பதினாறும் பெற்று' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

நாலு மாதம் கழித்து, வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய கவர் ஒன்றோடு பாய் கடைக்கு வந்தார். படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரே ஒரு வரி. அது போதாதென்று நானே கொஞ்சம் சேர்த்து, உங்கள் அக்கறையை மிகவும் மதிக்கிறோம் என ஆரம்பித்தேன்.

"உள்ளத மட்டும் படிம்மா."

"உங்க மனு கெடச்சிட்டுன்னு எழுதிருக்காங்க, பாய்."

"கெடச்சிட்டா?"

"கெடச்சிட்டு."

பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "அப்ப அவங்க காதுல விழுந்துட்டுல்லா," என்றார்.

வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நிற்க வைத்துவிட்டு அந்தக் கடிதத்தை லேமினேட் செய்தேன், ஓரம் வளையாமலிருக்க மெஷினில் இரண்டு தடவை விட்டு.