பக்கத்து வீட்டு அன்னக்கிளி

மார்கழி பன்னிரண்டு, காலை ஐந்தே முக்கால். கோட்டையூரில் அன்னக்கிளி வீட்டு வாசலில் வேறொருத்தி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வேறொருத்தி என்பது ரேணுகா. வீட்டுத் தரகர் பாண்டீஸ்வரனின் மனைவி. அவர் சற்றுத் தள்ளி நின்று மப்ளரை இறுக்கிக்கொண்டார்.

"கோடு கோணுதே" என்றார்.

"உங்க வேலையைவிடவா கோணுது" என்றாள் ரேணுகா, நிமிராமல்.

விற்க வேண்டியது அன்னக்கிளி வீடு அல்ல, அதற்கு அடுத்த வீடு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண் நான்கு, நல்ல காற்று. ஒரு வருடத்தில் பதினோரு பேர் வந்து பார்த்தார்கள். பதினோரு பேரும் படியிறங்கும்போது அன்னக்கிளி தன் வாசலில் நின்றாள். இரண்டாவது அறை ஐப்பசியில் எங்கே ஒழுகும், கரையான் எந்தக் கதவு நிலையில் ஏறியிருக்கிறது, கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேக எவ்வளவு நேரமாகும், எல்லாம் சொன்னாள். ஒன்றுகூடப் பொய்யில்லை. பாண்டீஸ்வரனுக்கு அதுதான் சங்கடம். மனதுக்குள் அவளை மெச்சவும் செய்தார். பதினெட்டு வருடத் தொழிலில், ஒரு வீட்டை இவ்வளவு சுத்தமாகத் தெரிந்து வைத்திருந்த ஆளை அவர் பார்த்ததில்லை.

"ஏன்க்கா இப்புடிச் சொல்லுறீக?" என்று ஒருமுறை கேட்டார்.

"கேக்குறாக, சொல்லுறேன். குடிவந்தா தெனமும் என் மூஞ்சியிலதான முழிக்கணும் அவுக."

விற்கிற வீட்டின் சொந்தக்காரர் சிங்கப்பூரிலிருந்து முடிவாகச் சொல்லிவிட்டார். தை பிறப்பதற்குள் ஆள் அமையாவிட்டால் சாவி சாக்கோட்டைத் தரகர் காளிராஜிடம் போகும். காளிராஜிடம் சாவியைக் கொடுப்பதைவிடத் தொழிலையே விட்டுவிடலாம் என்று பாண்டீஸ்வரன் நினைத்தார்.

மார்கழியில் இங்கே யாரும் வீடு வாங்குவதில்லை, மாறுவதுமில்லை. வந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதனாலேயே அவருக்கு மார்கழி பிடிக்கும். வாங்கும் அவசரம் இல்லாதவர்கள் வீட்டை அழகாகப் பார்ப்பார்கள். தூணைத் தடவுவார்கள். வெறுங்காலோடு தரையில் நின்று, சில்லென்று இருக்கிறது என்பார்கள். பனியில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

ஆனால் சென்னையிலிருந்து பேசிய மஹாலட்சுமியம்மா மார்கழியெல்லாம் பார்ப்பதில்லை என்றார். ஒன்று மட்டும் கேட்டார்.

"எங்களுக்குப் பக்கத்து வீடுதான் முக்கியம். அந்த அம்மாவை நான் பார்க்கணும். விடியக்காலையில கோலம் போடறப்ப வர்றோம்."

பாண்டீஸ்வரன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு ஸ்ரீரங்கம் போகிற வேனில் அன்னக்கிளிக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். "உங்க நெனப்பு வந்துச்சுக்கா" என்றார். அன்னக்கிளிக்குக் கண் கலங்கிவிட்டது. அது வேறு அவருக்கு உறுத்தியது.

ஆறரைக்குக் கார் வந்தது.

"இவுகதான் பக்கத்து வீட்டு அன்னக்கிளி" என்றார் பாண்டீஸ்வரன்.

மஹாலட்சுமி ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கணவர் சிவபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி ரேணுகாவைப் பார்த்தார். பிறகு கதவு எண்ணைப் பார்த்தார். இவருக்கு வீடு பிடிக்கவில்லை என்று பாண்டீஸ்வரன் பயந்தார்.

"மழைக்கு ஒழுகுமா அன்னக்கிளி?"

"ஒரு சொட்டு விழுகாது."

"தண்ணி?"

"இளநி மாதிரி இருக்கும்."

மஹாலட்சுமி கணவரைத் திரும்பிப் பார்த்தார். பாண்டீஸ்வரன் அசந்துபோனார். இருபது வருடக் குடித்தனத்தில் ரேணுகாவிடம் இந்தத் திறமை இருப்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் அவள் இதே குரலில் சொன்னதையெல்லாம் நம்பியிருக்கிறோமே என்று லேசாகக் கவலையும் வந்தது.

"உங்க வீட்டையும் ஒரு பார்வை பார்த்துடலாமா?"

அன்னக்கிளி வீட்டுக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது.

"சாவி எங்க வீட்டுக்காரவுககிட்ட இருக்கு. ஸ்ரீரங்கம் போயிருக்காக."

"சாவியை எடுத்துக்கிட்டா?"

"மறதி."

"அடடா. அப்போ நீங்க நேத்து எங்கே படுத்தீங்க?"

ரேணுகா யோசிக்கவில்லை. "இந்த அண்ணன் வீட்டுலதான்."

பாண்டீஸ்வரனுக்கு இருமல் வந்தது. "எங்க வீட்டுல பொம்பளையாளு இருக்காக" என்று அவசரமாகச் சேர்த்தார்.

அந்த நேரம் பார்த்துச் சிலிண்டர் ஆட்டோ வந்து நின்றது.

"அன்னக்கிளி யாரு?"

எல்லோரும் ரேணுகாவைப் பார்த்தார்கள். அவள் கையைத் தூக்கினாள்.

"ஓடிபி சொல்லுங்க."

பாண்டீஸ்வரன் பின்பக்கம் கிணற்றடிக்குப் போய் ஃபோன் போட்டார்.

"அக்கா, உங்களுக்குச் சிலிண்டர் வந்துருக்கு. நம்பர் சொல்லுங்க."

"நான் ஊருல இல்லைன்னு சொல்லி அனுப்புங்க."

"அதை மட்டும் சொல்ல முடியாதுக்கா."

"ஏன்?"

அவர் கிணற்றுக்குள் பார்த்தார். மறுமுனையில் வேனின் பக்திப்பாட்டு கேட்டது.

"நாலு, ஒன்னு, ஏழு, ரெண்டு" என்றாள் அன்னக்கிளி. "நீங்க இருக்கீகள்ல, எனக்கென்ன கவலை. உங்களுக்கும் சேத்து சாமி கும்புட்டுட்டு வாரேன்."

மனம் கூசியபடி முன்பக்கம் வந்து நம்பரைச் சொன்னார். சிலிண்டர்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேரு அந்தம்மாவோடது, நம்பர் உங்களுக்கு வருது. புருசன் பொண்டாட்டியா?"

"இல்லை" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

சிலிண்டர் கோலத்தின் நடுவில் இறங்கியது. சிவபிரகாஷ் முதல்முறையாகச் சிரித்தார்.

மஹாலட்சுமி கணவர் பக்கம் திரும்பினார். "வந்ததிலிருந்து வாயே திறக்கலை நீங்க. ஏதாவது சொல்லுங்களேன்."

சிவபிரகாஷ் பூட்டையும் சிலிண்டரையும் ரேணுகாவையும் வரிசையாகப் பார்த்துவிட்டுப் பாண்டீஸ்வரனிடம் வந்தார்.

"கார்த்திகையில ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி வந்தேன். அப்போ தனியா இந்தத் தெருவுக்கும் வந்தேன். ஒழுகற இடம், கரையான், தண்ணி, எல்லாத்தையும் அன்னக்கிளியம்மா ஒரு மணி நேரம் நிக்க வச்சுச் சொன்னாங்க. இப்படி ஒருத்தர் பக்கத்துல இருக்காங்கன்னுதான் இந்த வீட்டை வாங்கறதா முடிவே பண்ணினோம். அது இருக்கட்டும், இவங்க யாரு?"